அந்தமான் நிக்கோபார்: ஏறி இறங்கும் தரை

சென்னைக்கு அந்தமான் பற்றிய செய்தி பெரும்பாலும் நான்கு வடிவங்களில் வருகிறது: அந்தமானில் நிலநடுக்கம், அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, பாரன் தீவில் எரிமலை சீற்றம், அண்மைக்காலமாக கிரேட் நிக்கோபார் துறைமுகம். எது வந்தாலும் கைப்பேசிகளில் சுற்றும் கேள்வி ஒன்றுதான்: நமக்கு ஏதாவது ஆகுமா? இதற்குப் பதில் தேட வேண்டிய இடம் அந்தத் தீவுகளின் நிலவியல். அதைப் புரிந்துகொண்டால் எந்தச் செய்திக்குக் கவலைப்பட வேண்டும், எதைக் கடந்துபோகலாம் என்று வாசகரே பிரித்தறிய முடியும்.

அங்கே தரைமட்டம் நிலையானது அல்ல. சில நிமிடங்களில் ஒரு கரை மீட்டர் கணக்கில் உயரலாம், இன்னொரு கரை அமிழலாம். 2004இல் நடந்தது அதுதான். கீழே வரும் பெரும்பாலான விளக்கங்கள் இந்த ஒரு செய்தியிலிருந்து கிளம்புபவை.

இடமும் அளவும்

போர்ட் பிளேர் கிட்டத்தட்ட கடலூருக்கு நேர் கிழக்கே இருக்கிறது. 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 1,360 கி.மீ.; விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். தீவுத்தொடரின் வடமுனை ஸ்ரீஹரிகோட்டாவின் அட்சரேகையில் தொடங்குகிறது. தென்முனையான இந்திரா முனை கன்னியாகுமரியையும் தாண்டித் தெற்கே, 6°45' வடக்கில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் 770 கி.மீ. இந்திரா முனையிலிருந்து சுமத்ராவின் அச்சே கரை ஏறத்தாழ 200 கி.மீ.தான். நமக்குத் திருவண்ணாமலை எவ்வளவு தூரமோ, அவர்களுக்கு இந்தோனேசியா அவ்வளவு தூரம்.

மொத்த நிலப்பரப்பு 8,249 சதுர கி.மீ. இதில் அந்தமான் 6,408, நிக்கோபார் 1,841. இரு கூட்டங்களுக்கும் நடுவே ஏறத்தாழ 150 கி.மீ. அகலத்தில் பத்து டிகிரிக் கால்வாய் ஓடுகிறது. 'கால்வாய்' என்ற பெயர் பலரை ஏமாற்றிவிடும். அது திறந்த ஆழ்கடல். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 3.8 லட்சம். தீவுகள், திட்டுகள், பாறைகள் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கில் இருந்தாலும் மக்கள் வசிப்பவை முப்பது சுமார்தான்.

போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் சூரிய நேரத்தில் சுமார் 50 நிமிட வேறுபாடு உண்டு. கடிகாரம் ஒன்றே என்பதால் அங்கே டிசம்பரில் மாலை ஐந்தேகாலுக்குள் இருட்டத் தொடங்கிவிடும். படகுப் பயணம் திட்டமிடுவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கடலில் மூழ்கிய மலைத்தொடர்

மியான்மரின் மேற்குக் கரையோரம் தெற்கு நோக்கி இறங்கும் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் புகுந்து, சுமத்ராவுக்கு மேற்கே உள்ள தீவுகளாக மீண்டும் தலைகாட்டுகிறது. இந்த வளைவின் நடுப்பகுதியில் நீருக்கு மேலே தெரியும் உச்சிகள்தான் அந்தமான் நிக்கோபார். வட அந்தமானின் சேடில் சிகரம் சுமார் 730 மீட்டர். கிரேட் நிக்கோபாரின் துல்லியர் மலை 642 மீட்டர்.

மலை உருவான விதம் இது. இந்தியாவைத் தாங்கும் புவித்தட்டு, பர்மா தட்டு எனப்படும் சிறு தட்டுக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நுழைகிறது. நுழையும் இடத்தில் கடல்தரை பள்ளமாகிறது. அதுதான் தீவுகளுக்கு மேற்கே வடக்கு தெற்காக ஓடும் சுண்டா அகழி. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் வங்கக் கடலின் தரையில் பல கிலோமீட்டர் கனத்துக்குப் படிந்திருக்கிறது. தட்டு உள்ளே போகும்போது மேலே இருக்கும் வண்டல் சுரண்டப்பட்டு எதிர்த்தட்டின் விளிம்பில் குவிகிறது. அந்தக் குவியலும், அதில் சிக்கிய பழைய கடல்தரைப் பாறைத் துண்டுகளும்தான் இந்தத் தீவுகளின் உடம்பு. மணற்பாறையும் களிப்பாறையும் அடுக்கடுக்காகச் சாய்ந்து நிற்பது இதனால்தான்.

மேற்கிலிருந்து கிழக்கே ஒரு குறுக்குவெட்டு எடுத்தால் இந்த வரிசை கிடைக்கும்:

1. வங்கக் கடல் தரை, 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்.
2. சுண்டா அகழி.
3. தீவுத்தொடர்: வட, நடு, தென் அந்தமான், லிட்டில் அந்தமான், நிக்கோபார்.
4. எரிமலை வரிசை: நார்கொண்டம், பாரன்.
5. அந்தமான் கடலின் நடுவே தரை பிளந்து புதுப் பாறை உருவாகும் பள்ளம்.

நிலநடுக்கத்தின் மையம் இந்த ஐந்தில் எதற்குள் விழுகிறது என்பதே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. வாசகர் மனத்தில் வைக்க வேண்டிய பட்டியல் இது.

2004: ஒரு கரை எழுந்தது, மறு கரை அமிழ்ந்தது

தட்டுகள் சறுக்கிக்கொண்டே போவதில்லை. மேல்தட்டும் கீழ்த்தட்டும் தொடும் பரப்பில் உராய்வு அதிகம். நூற்றாண்டுக் கணக்கில் பூட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் காலமெல்லாம் கீழ்த்தட்டு மேல்தட்டின் நுனியையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. மேசை விளிம்பில் பிடித்து வளைக்கும் பிளாஸ்டிக் ஸ்கேல் போல, நுனி கீழே வளைய, உட்பகுதி லேசாக மேலே புடைக்கிறது. பூட்டு உடையும்போது நுனி மேலே எழும். புடைத்திருந்த உட்பகுதி கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவே ஏறாமலும் இறங்காமலும் ஒரு கோடு உண்டு.

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு வட சுமத்ராவின் அருகே தொடங்கிய உடைப்பு, ஏறத்தாழ பத்து நிமிடம் வடக்கு நோக்கி ஓடி, சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பூட்டை அறுத்தது. அளவு 9.1. மையம் இந்தோனேசியாவில் இருந்தாலும், உடைந்த நீளத்தில் பெரும்பகுதி நிக்கோபாருக்கும் அந்தமானுக்கும் அடியில்தான் இருந்தது.

தீவுகளில் நேர்ந்த மாற்றத்தை அந்த நடுக்கோட்டை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். வடக்கே அகழி தீவுகளுக்கு நெருக்கம். தெற்கே போகப் போகத் தீவு வரிசை கிழக்கே விலகுகிறது. ஆகவே அகழிக்குப் பக்கத்தில் இருந்த வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டர் சுமாருக்கு உயர்ந்தது. பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்து காய்ந்து செத்தன. கோட்டுக்குக் கிழக்கே விழுந்த போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கியது. அகழியிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் நிக்கோபார் தீவுகள் இன்னும் ஆழமாக இறங்கின. இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் நின்ற தரை நான்கு மீட்டருக்கும் மேல் அமிழ்ந்து, விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது.

ஒரு மீட்டர் என்பது கேட்கச் சிறிதாகத் தோன்றலாம். போர்ட் பிளேரில் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் ஓத ஏற்ற இறக்கம் இரண்டு மீட்டர் சுமார். சென்னையில் அதில் பாதிதான். ஓத எல்லைக்குச் சற்று மேலே இருந்த வயல் ஒரு மீட்டர் இறங்கினால் உயர் ஓதம் வரும்போதெல்லாம் உப்பு நீர் ஏறும். போர்ட் பிளேர் அருகே சிப்பிகாட்டில் நெல் விளைந்த நிலங்கள் அப்படித்தான் நிரந்தரமாகக் கைவிட்டுப் போயின. சுனாமி அலை வடிந்துவிட்டது. தரை இறங்கியதால் வந்த நீர் வடியவே இல்லை. நிவாரணக் கணக்குகளில் இந்த வேறுபாடு போதிய கவனம் பெற்றதாக நான் நினைக்கவில்லை. அலையில் போன வீட்டை அதே இடத்தில் கட்டலாம். அமிழ்ந்த நிலத்துக்கு மாற்று நிலம்தான் தீர்வு.

நிக்கோபாரின் அலையாத்திக் காடுகளும் இதே காரணத்தால் பெருமளவு அழிந்தன. அலை வேரோடு பிடுங்கியவை ஒரு பங்குதான். மூச்சு வேர்கள் எந்நேரமும் நீருக்குள் மூழ்கிக் கிடந்ததால் நின்றபடியே பட்டுப்போன மரங்களும் ஏராளம்.

நிலநடுக்கச் செய்தியைப் படிக்கும் முறை

'அந்தமானில் 5.1 நிலநடுக்கம்' என்ற செய்தி ஆண்டில் பல முறை வரும். நான்கு விவரங்களைப் பாருங்கள்.

1. அளவு. ஒரு எண் கூடினால் வெளியாகும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 9.1 அளவு நடுக்கம் 5.0 அளவு நடுக்கத்தைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் பெரியது. 'சின்னச் சின்னதாக வந்தால் அழுத்தம் குறைந்துவிடும்' என்ற ஆறுதல் இந்தக் கணக்கில் நிற்காது. பொதுவாக 6.5க்குக் கீழ் உள்ளவை ஆபத்தான சுனாமியை எழுப்புவதில்லை.

2. ஆழம். மையம் தரைக்குக் கீழே நூறு கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தால் கடல்தரை பெரிதாக அசையாது. முப்பது, நாற்பது கிலோமீட்டருக்குள் இருப்பவையே கவனத்துக்குரியவை.

3. அசைந்த திசை. சுனாமிக்குத் தேவை நீரை மேலே தூக்கும் செங்குத்து அசைவு. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடுக்கம் வந்தது. சென்னையில் அலுவலகங்கள் காலியாயின. மெரினாவிலிருந்து மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். வந்ததோ சிறு அலைகள்தான். அகழிக்கு வெளியே, இந்தியப் புறத் தட்டுக்குள்ளேயே, பாறைகள் பக்கவாட்டில் நழுவிய நடுக்கம் அது. முதல் சில நிமிடங்களில் அசைந்த திசை தெரியாது என்பதால் எச்சரிக்கை விட்டது சரியான முடிவே.

4. இடம். மேலே சொன்ன ஐந்து வரிசையில் அகழிக்கும் தீவுக்கும் நடுவே இருந்தால் தட்டுப் பூட்டோடு சம்பந்தப்பட்டது. தீவுகளுக்குக் கிழக்கே அந்தமான் கடலில் இருந்தால் பெரும்பாலும் தரை பிளக்கும் பள்ளத்தின் வேலை. அங்கே ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான சிறு நடுக்கங்கள் கொத்தாக வருவது உண்டு. 2005 ஜனவரியில் நிக்கோபாருக்குக் கிழக்கே அப்படி வந்தது. எண்ணிக்கை பயமுறுத்தும், சென்னைக் கரைக்கு அதனால் ஆபத்து மிகக் குறைவு.

அலை நம்மை அடைய எவ்வளவு நேரம்? சுனாமியின் வேகத்தைக் கடலின் ஆழம் நிர்ணயிக்கிறது: ஆழத்தை 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்பது கிடைக்கும். 3,000 மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு 171 மீட்டர், அதாவது மணிக்கு 600 கி.மீ.க்கு மேல். கார் நிக்கோபாரிலிருந்து சென்னை சுமார் 1,400 கி.மீ.; ஆக இரண்டேகால், இரண்டரை மணி நேரம். கார் நிக்கோபார் மக்களுக்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள். 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் நமக்குப் போதுமான அவகாசம் தரும். அவர்களுக்கு நீண்ட நேரம் தரை ஆடுவதே எச்சரிக்கை. ஆட்டம் நின்றதும் மேடு நோக்கி ஓட வேண்டும், அறிவிப்புக்குக் காத்திருக்கக் கூடாது.

உடைப்பு வடக்கு தெற்காக ஓடியதால் 2004இல் அலையின் வலு கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. மேற்கே நேராக இருப்பது தமிழ்நாட்டுக் கரையும் இலங்கையும். வங்கதேசம் நீளவாக்கின் நுனியில் இருந்ததால் பெரிதும் தப்பியது.

எரிமலையும் சேற்றுக் குமிழியும்

உள்ளே அமிழும் தட்டு நூறு கிலோமீட்டர் சுமார் ஆழத்தை எட்டும்போது, அதில் சிக்கிய நீர் வெளியேறி மேலிருக்கும் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அங்கே உருகிய குழம்பு மேலே வந்த இடம்தான் பாரன் தீவு. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ.; மூன்று கிலோமீட்டர் விட்டம்; ஆள் இல்லை. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991இல் விழித்தது, அதன்பின் பல முறை சாம்பலும் குழம்பும் கக்கியிருக்கிறது. இந்தியாவில் இயங்கும் ஒரே எரிமலை இது. அதன் சீற்றங்கள் சிறியவை. சென்னைக்கு அதனால் சுனாமி வரும் என்ற பகிர்வுகளுக்கு இதுவரையிலான சீற்றங்களில் ஆதாரம் இல்லை.

பாராடாங் தீவில் சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் சேற்றுக் குமிழி வேறு. அங்கே நெருப்புக் குழம்பு கிடையாது. வண்டல் அடுக்குகள் நெருக்கப்படும்போது உள்ளிருக்கும் வாயுவும் நீரும் சேற்றோடு பிதுங்கி வருகின்றன.

மூவாயிரம் மில்லிமீட்டர் மழையும் கோடைத் தட்டுப்பாடும்

போர்ட் பிளேரில் ஆண்டு மழை 3,000 மி.மீ. அளவு, சென்னைக்கு 1,400 சுமார். தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுவதற்குப் பத்து நாள் முன்பே, மே மூன்றாம் வாரத்தில் இவர்களுக்குத் தொடங்கிவிடும்; வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இருந்தும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நகரில் குடிநீரைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கும் பாறைதான் காரணம். களிப்பாறை நீரை உள்ளே விடாது. சரிவு அதிகம், தீவின் அகலம் குறைவு. பெய்த மழை சில மணி நேரத்தில் கடலைச் சேர்ந்துவிடும். அந்தமானில் ஆண்டு முழுதும் ஓடும் குறிப்பிடத்தக்க ஆறு வட அந்தமானின் கல்போங் மட்டுமே. போர்ட் பிளேர் முக்கியமாக நம்பியிருப்பது தனிக்காரி அணையை.

பவளச் சுண்ணாம்பாலான தட்டைத் தீவுகளில், உதாரணமாக கார் நிக்கோபாரில், நிலைமை நேர்மாறு. மழை சல்லடையில் விழுந்ததுபோல் உள்ளே இறங்கி, கடல் நீருக்கு மேல் ஒரு நன்னீர் வில்லையாக மிதக்கும். கடல் நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. அதனால் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால், அடியில் 40 மீட்டர் நன்னீர் நிற்கும். இதே கணக்கு எதிர்த்திசையிலும் ஓடும்: மோட்டார் போட்டு நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு நீர் 20 மீட்டர் மேலே ஏறும். திருவான்மியூர் முதல் கோவளம் வரை உள்ள மணல் நிலத்துக்கும் இதே விதிதான். மீஞ்சூர்ப் பகுதியில் உப்பு உள்ளே ஏறியதும் அதிக இறைப்பால்தான்.

சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணற்றை முழுவதும் இறைத்துவிட்டால் நல்ல நீர் ஊறும் என்று பல கரைகளில் முயன்றார்கள். வில்லை மெலிந்த இடத்தில் அது தவறான வழி. இறைக்க இறைக்க அடி உப்பு மேலே வரும். மேலே தேங்கிய சேற்றையும் உப்பு நீரையும் மட்டும் மெதுவாக எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு மழைக்காலம் கழுவ விடுவதே சரி.

தாழ்வுப் பகுதி ஏன் அங்கே பிறக்கிறது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தமான் கடலின் மேற்பரப்பு 28 டிகிரி சுமார் வெப்பத்தில் இருக்கும். புயல் வளர 26.5 போதும். காற்றைச் சுழற்றும் புவிச்சுழற்சி விளைவு நிலநடுக்கோட்டை ஒட்டி மிகக் குறைவு; ஐந்து டிகிரிக்கு மேல்தான் பயன்படும் அளவுக்குக் கிடைக்கும். அந்தமான் கடல் அந்த எல்லைக்குச் சற்று வடக்கே இருக்கிறது. தாய்லாந்து வளைகுடாவிலிருந்து வலுவிழந்து வரும் சுழற்சிகளும் இங்கே மறுபிறவி எடுக்கும்.

அங்கிருந்து மணிக்கு 10 முதல் 15 கி.மீ. வேகத்தில் வந்தால் நம் கரைக்கு நான்கைந்து நாள். 2016 டிசம்பரில் வர்தா அந்தமானை உலுக்கி, ஹேவ்லாக்கில் சுற்றுலாப் பயணிகளைச் சிக்கவைத்து, 12ஆம் தேதி சென்னை அருகே கரை கடந்தது. 2013 நவம்பரில் லெஹர் புயல் அந்தமானைக் கடந்தபின் நடுக்கடலில் வலுவிழந்து மசூலிப்பட்டினம் அருகே வெறும் தாழ்வு மண்டலமாகக் கரையேறியது. தொடக்கம் ஒரே வட்டாரம். முடிவு வேறு வேறு. ஆகவே தாழ்வுப் பகுதி உருவான அன்றே 'சென்னையை நோக்கி' என்று எழுதும் தலைப்புகளை நம்பத் தேவையில்லை. தாழ்வு மண்டலமாகி மையம் ஓரிடத்தில் நிலைத்த பிறகு வரும் பாதைக் கணிப்பே பயன்படும்.

கலத்தியா விரிகுடாவில் துறைமுகம்

கிரேட் நிக்கோபாரின் தென்கோடியில் கலத்தியா ஆறு கடலில் சேரும் விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் திட்டமிடப்பட்டுள்ளது. உடன் விமான நிலையம், நகரியம், மின் நிலையம். 166 சதுர கி.மீ. திட்டப் பரப்பில் ஏறத்தாழ 130 சதுர கி.மீ. காடு. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் தடம் அருகே இருப்பதும், 20 மீட்டருக்கு மேல் இயற்கை ஆழம் இருப்பதும் திட்டத்துக்கு ஆதரவான வாதங்கள். இரண்டும் உண்மையே.

லெதர்பேக் ஆமைகள் முட்டையிடும் கடற்கரை, ஷோம்பென் பழங்குடி மக்களின் காடு, நிக்கோபாரிகளின் பழைய ஊர்கள் ஆகியவை பற்றிய எதிர்ப்புகள் பரவலாக எழுதப்பட்டுள்ளன. அவை முழுக்க நியாயமானவை. இங்கே நிலவியல் சார்ந்து மட்டும் மூன்று கேள்விகள்.

1. எந்த மட்டத்தை வைத்துக் கட்டுவது? கப்பல்துறை மேடையின் உயரம் ஓத அளவைப் பொறுத்து சென்டிமீட்டர் துல்லியத்தில் தீர்மானிக்கப்படும். அதே தீவின் தென்கோடி 2004இல் நான்கு மீட்டருக்கு மேல் இறங்கியது. அதன்பின் தட்டு மறுபடி பூட்டிக்கொண்டு அழுத்தம் சேர்க்கும் காலத்தில் தரை மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒருமுறை எடுத்த அளவீடு போதாது. தொடர்ந்து இயங்கும் ஜிபிஎஸ் நிலையங்களின் தரவும் ஓதமானித் தரவும் பொதுவெளியில் வர வேண்டும்.

2. 9 அளவு நடுக்கம் பல நூற்றாண்டுக்கு ஒருமுறைதான் என்ற வாதம் போதுமா? போதாது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே 8ஐ நெருங்கிய நடுக்கம் வந்து, அதன் சுனாமி சென்னை ஓதமானியிலும் பதிவானது. 1941 ஜூன் 26இல் அந்தமானில் மற்றொன்று. இவையிரண்டும் 2004க்கு முன் நிகழ்ந்தவை. இந்த அளவு நடுக்கமே மேடை, எண்ணெய்த் தொட்டி, குழாய் இணைப்புகளைச் சேதப்படுத்தப் போதும்.

3. நீர் தோய்ந்து, ஆட்டத்தில் இளகக்கூடிய மண் இருக்கிறதா? ஆற்று முகத்துவாரத்தில் புதிதாகப் படிந்த மணலும், கடலைத் தூர்த்து உருவாக்கும் தரையும் வலுவான ஆட்டத்தில் திரவம்போல் இளகும். கட்டடம் விரிசல் விடாமலேயே சாய்ந்து போகும். இதற்கு ஆழமான கடைக்கால் தூண்கள், மணலை அதிர்த்து இறுக்குதல் போன்ற வழிகள் உண்டு, செலவு அதிகம். எந்த ஆழம் வரை மண் சோதனை செய்யப்பட்டது, எந்த அளவு நடுக்கத்துக்கு வடிவமைப்பு என்பவை ஒப்பந்தம் போடும் முன்பே வெளியிடப்பட வேண்டிய விவரங்கள். கேம்பல் பே முதல் இந்திரா முனை வரை கரையோரம் போட்ட சாலையை 2004 தின்றுவிட்டது. சாலைக்கு நேர்ந்ததைப் பெட்டகத் துறைமுகத்தில் மறுபடி பார்க்கும் நிலைமை, அங்கே வேலைக்குக் குடியேறப்போகும் ஆயிரக்கணக்கானவர்களின் உயிரோடு சம்பந்தப்பட்டது.